எங்கே வலிக்கிறது? சைக்கிள் சீட் தொல்லைக்கு அறிகுறிவாரியாக வழி

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி மலையடிவாரம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். போய்த் திரும்ப 20. புதிதாக சைக்கிள் ஓட்ட வருகிறவர்களோடு நான் முதலில் போகும் சாலை இதுதான். போகும்போது எல்லோரும் பேசிக்கொண்டே வருவார்கள். திரும்பும்போது பேச்சு குறைந்துவிடும். ஒருவர் அடிக்கடி பெடல் மேல் எழுந்து நிற்பார். இன்னொருவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதிப்பார். கேட்டால், "கால் வலிக்கவில்லை, உட்காருமிடம்தான் தாங்கவில்லை" என்பார்கள். அடுத்த வாரம் அவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். மூச்சு வாங்கி சைக்கிளைக் கைவிட்டவர்களைவிட சீட் வலியால் கைவிட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, "பழகினால் சரியாகிவிடும்." மற்றொன்று, "மெத்தென்று ஒரு சீட் வாங்கிப் போடு." எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே சொல்லப்படுபவை இவை. எலும்பில் வலித்தால் ஒரு கோளாறு, நடுவில் மரத்துப் போனால் வேறு கோளாறு, தொடையில் எரிந்தால் இன்னொன்று. பல கோளாறுகள் ஒரு ஸ்பேனரிலேயே தீர்ந்துவிடும்.

கைவைக்கும் முன்

சீட் இப்போது இருக்கும் நிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சீட் கம்பி சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். சீட்டின் அடிக்கம்பியை கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்தில் பெயின்ட் அல்லது நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். மாற்றம் சரிப்படாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இது வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். உயரத்தையும் சாய்வையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், வலி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது. மாற்றியபின் அதே சாலையில், அதே தூரம், அதே உடையோடு போய்ப் பாருங்கள். காலில் போடுவதும் அதே செருப்பாக இருக்கட்டும். தடித்த ரப்பர் செருப்புக்கும் மெல்லிய ஷூவுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

பழைய மாதிரி சைக்கிள்களில் சீட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் நட் இருக்கும். 13 அல்லது 14 எண் ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். புதிய கியர் சைக்கிள்களுக்கு ஆலன் சாவி (ஆறு பட்டையுள்ள வளைந்த சாவி).

அறிகுறி: இரண்டு பக்கமும் எலும்பில் குத்துகிறது

நாம் உட்காரும்போது உடலின் எடையைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இப்படியும் அப்படியும் அசைந்தால் இரண்டும் தட்டுப்படும். இவற்றை உட்காரும் எலும்புகள் என்றே சொல்லிக்கொள்வோம். சைக்கிள் சீட் தாங்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

புதிதாக ஓட்டத் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எலும்புக்கு மேலே மட்டும் வலிக்கிறது, ஒருநாள் விட்டால் குறைந்துவிடுகிறது என்றால் சீட்டைத் தொட வேண்டாம். இங்கே மட்டும் "பழகினால் சரியாகிவிடும்" என்பது உண்மை. ஒருநாள் விட்டு ஒருநாள், குறைந்த தூரமாக ஓட்டுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் அதே வலி இருந்தால் சீட்டின் அகலம் உங்கள் எலும்புக்குப் பொருந்தவில்லை என்று சந்தேகப்படலாம்.

அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் அதற்கு அருமையான இடம் இருக்கிறது: திண்ணை. கடினமாக, சமமாக, நாற்காலி உயரத்தை ஒட்டி இருக்கும். திண்ணை இல்லாதவர்கள் மாடிப்படியில் உட்காரலாம். மளிகைக் கடையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை வாங்கி, உள்ளே நெளிநெளியாக மடிப்புள்ள அந்த அட்டையில் ஒரு முழம் வெட்டி திண்ணை விளிம்பில் போடுங்கள். மெல்லிய உடையோடு அதன் மேல் உட்கார்ந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி காலுக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். பிறகு நேராக எழுந்திருங்கள். நகர்ந்து எழுந்தால் தடம் கலைந்துவிடும்.

அட்டையில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கும், ஆனால் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஒரு பிடி கோலமாவைத் தூவி உள்ளங்கையால் மெல்லத் துடைத்துவிடுங்கள். மேட்டில் இருந்த மாவு போய்விடும். பள்ளத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களாகத் தங்கும். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளந்துகொள்ளுங்கள். என் அட்டையில் மூன்று முறை அளந்தேன்: 116, 119, 118 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 100 முதல் 150 மில்லிமீட்டருக்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகச் சற்று அதிகம். ஆளின் பருமனுக்கும் இந்த அளவுக்கும் தொடர்பு குறைவு. ஒல்லியான ஒருவருக்கு எலும்பு அகன்றிருக்கலாம், பருத்தவருக்கு நெருங்கியிருக்கலாம். ஆளைப் பார்த்து சீட்டை எடுத்துக் கொடுப்பது தவறாகப் போவது இதனால்தான்.

இந்த அளவோடு, முன்னால் சாய்ந்து ஓட்டுகிறவர்கள் ஏறக்குறைய 20 மில்லிமீட்டரும், நிமிர்ந்து ஓட்டுகிறவர்கள் 30 மில்லிமீட்டரும் சேர்த்துக்கொண்டால் வேண்டிய சீட்டின் அகலம் கிடைக்கும். சீட்டின் ஓரங்கள் கீழே வளைந்துவிடுவதால் இந்தக் கூடுதல் தேவைப்படுகிறது. என் பழைய சீட் 128 மில்லிமீட்டர். எலும்பு இரண்டும் சரிவின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. நான்கு மாதம் வலியோடு ஓட்டிய பிறகுதான் அளந்தேன். 143 மில்லிமீட்டர் சீட்டுக்கு மாறிய பத்து நாளில் குத்தல் நின்றது. இத்தனைக்கும் புதிய சீட் பழையதைவிடக் கடினமானது.

மென்மையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடித்த ஜெல் உறை போட்ட சீட்டைக் கடையில் விரலால் அழுத்தினால் சுகமாக இருக்கும். ஆனால் அதன் மேல் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எலும்பு இரண்டும் அழுந்திப் போகும். அழுந்திய ஜெல் நடுவில் மேலெழும். பாரம் தாங்கக்கூடாத மென்மையான இடத்தை அது அழுத்தத் தொடங்கும். புது இலவம்பஞ்சு மெத்தையில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பஞ்சு ஒதுங்கி இரண்டு பக்கமும் புடைப்பதுபோல்தான். சந்தைக்குப் போய் வர, நிமிர்ந்து உட்கார்ந்து மூன்று கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அகன்ற ஸ்பிரிங் சீட்டும் உறையும் சரிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவர்கள் உறையை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: நடுவில் அழுத்துகிறது, மரத்துப் போகிறது

இதை மட்டும் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தொடைகளுக்கு இடையில், உட்காரும் எலும்புகளுக்கு நடுவில், பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. அவற்றை சீட் நசுக்கும்போதுதான் மரத்துப் போகிறது. ஆண்கள் இதை வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. பெண்களோ யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். ஓட்டும்போது மரத்துப் போனால் உடனே பெடல் மேல் எழுந்து நில்லுங்கள். சரியாகாவிட்டால் இறங்கிச் சிறிது நேரம் நடந்துவிட்டு ஏறுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது சீட்டின் சாய்வு. எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பெண், விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குப் போகிறவள், ஒருநாள் வந்து, "சித்தப்பா, சீட்டுக்கு ஒரு மெத்தை உறை வாங்கித் தாருங்கள்" என்றாள். சைக்கிளைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தேன். நட் தளர்ந்து, சீட்டின் பின்புறம் இறங்கி, முன் முனை இரண்டு விரற்கடை தூக்கியிருந்தது. தினமும் ஒவ்வொரு மிதியிலும் அந்த முனைதான் அவளை அழுத்தியிருக்கிறது. உறையை மறந்துவிட்டு ரசமட்டத்தை எடுத்தேன்.

நீங்களும் அப்படியே செய்யலாம். சைக்கிளை ஸ்டாண்டில் போடாமல் இரண்டு சக்கரமும் தரையில் நிற்கும்படி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு தட்டையான பலகையை வைத்து, அதன் மேல் ரசமட்டத்தை வையுங்கள். முற்றத்தில் வைத்து அளக்காதீர்கள். மழைநீர் வடிவதற்காக முற்றத்துத் தரையைச் சரிவாகத்தான் கட்டியிருப்பார்கள். வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் நல்லது, ஆனாலும் முதலில் தரையிலேயே ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சீட் கிடைமட்டமாக இருப்பதே தொடக்க நிலை. அதிலும் அழுத்தினால் முனையை ஒன்று அல்லது இரண்டு டிகிரி மட்டும் தாழ்த்துங்கள்; மூன்றைத் தாண்ட வேண்டாம். பழைய மாதிரி கிளாம்பில் பல் பல்லாக இருக்கும். இரண்டு நட்டையும் தளர்த்தி, பல்லை விடுவித்து, ஒரு பல் நகர்த்தி, மீண்டும் இறுக்க வேண்டும். பாதி இறுக்கத்தில் விட்டால் பத்து கிலோமீட்டரில் பழையபடி சாய்ந்துவிடும், பற்களும் தேய்ந்துவிடும். அந்தப் பெண்ணின் சைக்கிளில் அதுதான் நடந்திருந்தது. நட்டை மாற்றி, சீட்டைச் சமன்படுத்தி, இறுக்கினோம். அடுத்த வாரம் உறையைப் பற்றி அவள் பேசவில்லை.

சாய்வு சரியாக இருந்தும் மரத்தால், சீட் உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பார் மிகத் தாழ்ந்தோ எட்டாத தூரத்திலோ இருந்தாலும் இடுப்பு முன்பக்கம் உருண்டு பாரம் நடுவில் விழும். ஹேண்டிலைச் சற்று உயர்த்துங்கள். இவையெல்லாம் செய்தும் தீராவிட்டால் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டை முயலலாம். திறப்பின் விளிம்பே சிலரை அறுக்கும் என்பதால் வாங்குமுன் உட்கார்ந்து பாருங்கள். இறங்கிச் சில மணி நேரம் ஆகியும் மரப்பு போகவில்லை, அல்லது சிறுநீர் கழிப்பதில் சிரமம் இருக்கிறது என்றால் சைக்கிளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: முன்னால் வழுக்குகிறது, கை மரக்கிறது

மேலே சொன்னதைக் கேட்டு முனையை அதிகமாகத் தாழ்த்தியவர்களுக்கு இது வரும். உடல் முன்னால் சரிய, கை தாங்க, உள்ளங்கையும் விரல்களும் மரக்கும். முனையை ஒரு பல் உயர்த்துங்கள்.

அறிகுறி: இடுப்பு ஆடுகிறது, ஒரு பக்கம் மட்டும் வலிக்கிறது

சீட் அதிக உயரத்தில் இருந்தால், பெடல் கீழே போகும்போதெல்லாம் கால் எட்டுவதற்காக இடுப்பு அந்தப் பக்கம் இறங்கும். பின்னால் வருகிறவரைப் பார்க்கச் சொன்னால் உடனே தெரிந்துவிடும். சுவரையோ தூணையோ பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலை பெடல் மேல் வைத்து, பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுபோங்கள். முழங்கால் அப்போதுதான் நேராக வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் தேவையான சிறு மடிப்பு தானாக வந்துவிடும்.

கணக்காகவே வேண்டுமென்றால், சுவரோடு நின்று ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை இரு தொடைகளுக்கு நடுவில் சீட்போல மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். 78 சென்டிமீட்டர் வந்தால் 68.9. பெடல் தண்டு சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு. இதுவும் தொடக்கப் புள்ளிதான். பிறகு அரை சென்டிமீட்டர் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சீட் கம்பியில் பொறித்திருக்கும் எச்சரிக்கைக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தினால் கம்பி முறியக்கூடும்.

உயரம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், பின்பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, சீட்டின் முனை முன் பாருக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிள் விழுந்தால் சீட் இம்மியளவு திரும்பிவிடும். ஓட்டுகிறவருக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். ஸ்பிரிங் சீட்டில் ஒரு ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருக்கலாம். குறுக்கே ஒரு அளவுகோலை வைத்தால் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று தெரிந்துவிடும். வளைந்த பெடலும் இதே வலியைத் தரும். எல்லாம் நேராக இருந்தும் வலி தொடர்ந்தால் கால்களின் நீளத்தில் வித்தியாசம் இருக்கலாம்; அதை இயன்முறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது.

அறிகுறி: தொடை எரிகிறது, கட்டி வருகிறது

நம் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே வியர்வை சட்டையை நனைத்துவிடும். அந்த வியர்வையோடு செம்மண் சாலையின் தூசி சேர்ந்தால், தொடைக்கும் சீட்டுக்கும் நடுவே உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் ஆகிவிடும். உட்சாலைகளில் போய் வந்தவுடன் ஈரத்துணியால் சீட்டைத் துடையுங்கள்.

அடுத்தது உடை. ஜீன்ஸின் நடுத்தையலும் உள்ளாடையின் எலாஸ்டிக் விளிம்பும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். எரியும் இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். கோடாகச் சிவந்திருந்தால் அது தையல், பரவலாகச் சிவந்திருந்தால் அது சீட். மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை வாங்கினால் உள்ளாடை இல்லாமல்தான் அணிய வேண்டும். உள்ளாடையோடு அணிந்தால் தையல் மீண்டும் நடுவில் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். புறப்படுமுன் உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். முகப்பவுடர் போடாதீர்கள், வியர்வையில் திரண்டு அதுவும் உரசும்.

சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தாலும் தொடை உரசும். உட்காரும் இடம் அகன்றும் முன்பகுதி குறுகியும் இருக்கும் சீட்டே நெடுந்தூரத்துக்கு ஏற்றது.

கட்டி வந்துவிட்டால் பிதுக்காதீர்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அது ஆறும்வரை சைக்கிளைத் தொடாதீர்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: வால் எலும்பும் முதுகும் அதிர்கின்றன

சீட்டுக்கு முன் டயரைப் பாருங்கள். கல்லாக இறுகும்வரை காற்றடித்தால் ஒவ்வொரு மேடும் நேராக முதுகுத்தண்டில் ஏறும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் சற்றுக் குறைத்துப் பாருங்கள். வேகத்தடையில் உட்கார்ந்தபடியே ஏறாமல், இரண்டு பெடலையும் சமமாக நிறுத்திச் சற்று எழும்புங்கள். வால் எலும்பிலேயே குத்தினால், சீட் உங்களுக்குக் குறுகியதாக இருக்கலாம் அல்லது முனை தூக்கி நீங்கள் பின்னால் சரிந்திருக்கலாம்.

பெண்களுக்கு ஒரு சொல்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் பெருங்கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். திருமயம், அரிமளம், ராயவரம் என்று செட்டிநாட்டின் ஒரு பகுதியும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கிடைத்த சைக்கிளை, ஆண்களுக்கான சைக்கிளாக இருந்தாலும், எடுத்து ஓட்டினார்கள். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் வலியைப் பொறுத்துக்கொள்வதும் அதில் ஒரு பங்கு என்று இன்றைய பெண்கள் நினைக்கத் தேவையில்லை. உட்காரும் எலும்பு அகன்றவர்களுக்கு அகன்ற, நீளம் குறைந்த சீட் வேண்டும். கோலமாவு அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

தோல் சீட்டும் பழைய சீட்டும்

பள்ளத்தூரில் வேர்கொண்ட முருகப்பா குடும்பம் 1949இல் ஓர் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. நம் வீட்டுப் பின்கட்டுகளில் நிற்கும் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் பல அங்கிருந்து வந்தவை. அவற்றின் சீட்டைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்; நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அவற்றின் அகலமும் ஸ்பிரிங்கும் இன்றும் பொருந்தும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தோல் சீட் கண்ணில் பட்டால் முதலில் ரிவெட்டுகளைச் சுற்றிப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சற்றே அமிழ்ந்து எழ வேண்டும். அமிழ்ந்தபடியே நின்றால் தோல் தொய்ந்துவிட்டது. இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனம் 1866இல் தொடங்கியது. அதன் தோல் சீட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தோல் நம் எலும்பின் வடிவத்துக்கு மெல்ல மெல்லப் பள்ளம் விடும் என்பதுதான் காரணம். அதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், பொறுமை வேண்டும். சீக்கிரம் மென்மையாகட்டும் என்று தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தால் தோல் தொய்ந்து கெட்டுவிடும். மழையில் நனைந்தால் நிழலில் காயவையுங்கள். நனைந்த சீட்டின் மேல் உட்காராதீர்கள்.

கடையில்

இவ்வளவும் செய்தபிறகுதான் புதுச் சீட். சாய்வும் உயரமும் சரியாக்கி ஒரு மாதம் ஓட்டியும் வலி நீங்காவிட்டால் கடைக்குப் போங்கள். அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் நீங்களே அளந்து பாருங்கள். அடிக்கம்பி உங்கள் கிளாம்புக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். அழுக்குப் படாமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர அனுமதிப்பார்களா என்று பேசிக்கொள்ளுங்கள். தெரிந்த கடைக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்வார்கள். புதுச் சீட்டின் மேற்பரப்பு பழைய சீட்டைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ இருக்கும் என்பதால், மாட்டியவுடன் உயரத்தை மீண்டும் அளந்து சரிசெய்துவிட்டே கடையை விட்டுப் புறப்படுங்கள்.